தும்மல் வாட்டைத் துரத்திய பத்தொன்பது வருஷம்

இந்தக் கதையை ‘ஒரு ஊரிலே ஒரு ராஜா’ என்று ஆரம்பிக்க வழியில்லை, ஏனென்றால் கெர்ஷோப் ஓடைக்கு வடக்கே ஒரு ராஜா இருந்தார், தெற்கே ஒரு ராணி இருந்தாள், நடுவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் மாட்டுத் திருடர்கள். நானூறு வருஷத்துக்கு முந்தின பிரிட்டன் அது. வடக்கே ஸ்காட்லாந்து, தெற்கே இங்கிலாந்து, இரண்டு தேசத்தையும் பிரிக்கிற அந்த ஓடையோ ஒரு மாடு குறுக்கே படுத்தால் அடைபட்டுப் போகும். வடக்கத்தியான் தெற்கே போய் மாட்டை ஓட்டி வருவான், தெற்கத்தியான் வடக்கே வந்து அதே மாட்டைத் திரும்ப ஓட்டிப் போவான், இவன் அவன் கூரையைக் கொளுத்துவான், அவன் இவன் கோழியைக்கூட விடமாட்டான், பிறகு ஞாயிற்றுக்கிழமை அவன் தங்கச்சியை இவன் கட்டிக்கொண்டு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து குடிப்பார்கள். மாடுகளுக்கு வழி மனப்பாடம். இரண்டு தேசத்துப் புல்லையும் தின்று பார்த்து எது தேவலை என்று அவை ஒரு முடிவுக்கே வந்திருந்தன.

அவர்களைத் திருடன் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது, ரோசம் பொத்துக்கொண்டு வரும். ‘சவாரி போய்ட்டு வந்தோம்’ என்பார்கள், என்னமோ மாமியார் வீட்டுக்குப் போய்வந்த மாதிரி. சாமி பயமும் இல்லாமல் இல்லை. ஆண்பிள்ளை பிறந்தால் கோயிலுக்குத் தூக்கிப்போய் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். ஆனால் பாதிரியார் தண்ணீர் தெளிக்கிற நேரத்தில் பிள்ளையின் வலது கையை மட்டும் துணியில் சுற்றி எட்ட நீட்டிப் பிடித்துக்கொள்வார்கள், நாளைக்குக் கத்தி பிடிக்கப் போகிற கை, அடுத்தவன் மாட்டுக் கயிற்றைப் பிடிக்கப் போகிற கை, அதற்குக் கர்த்தரோடு எந்தப் பேச்சுவார்த்தையும் வேண்டாம் என்று. மற்ற உடம்பு மோட்சத்துக்கு, வலது கை வயிற்றுப்பாட்டுக்கு. பாதிரியார்களும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்கள்.

எல்லாரும் திருடர்கள் என்றால் சட்டம் ரொம்பக் கறாராக இருக்க வேண்டும், இல்லையா? இருந்தது. அந்த மேட்டுச் சீமையில் விறகு அபூர்வம். சதுப்பில் கறுப்பு மண்ணைச் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்து, நம்மூரில் வறட்டி எரிப்பதுபோல அடுப்பு எரிப்பார்கள். மாட்டைப் பறிகொடுத்தவன் அப்படி எரிகிற மண்கட்டி ஒன்றை ஈட்டி முனையில் குத்தி உயரப் பிடித்துக்கொண்டு, கொம்பு ஊதிக்கொண்டு துரத்தினால் அது சட்டப்படியான துரத்தல். கட்டியில் நெருப்பு இருக்கிற வரைக்கும் அவன் எல்லை தாண்டலாம், எவன் வீட்டு வாசலிலும் போய் நிற்கலாம்; கொம்புச் சத்தம் காதில் விழுந்தவன் எவனானாலும் கூடச் சேர்ந்து துரத்தியாக வேண்டும்; குறுக்கே நின்று தடுத்தால் தூக்கு; மாடும் கையுமாக அகப்பட்ட திருடனுக்கும் தூக்கு. கட்டி அணைந்துவிட்டதா, அவ்வளவுதான், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம், மாடு திருடினவனுக்கே. ஒரு நல்ல கட்டி அரைநாள் எரியும். ஆகையால் அந்தச் சீமையில் கெட்டிக்காரத் திருடன் என்றால் அரைநாள் ஓடத் தெரிந்தவன், வேறொன்றுமில்லை.

அப்படிப்பட்ட கெட்டிக்காரன்தான் வடக்குப் பக்கத்து வாட் குரோசியர். அவனுக்குத் தும்மல் வாட் என்று பெயர், ஏனென்றால் மாட்டு ரோமம் மூக்கில் பட்டாலே அடுக்கடுக்காகப் பதினாறு தும்மல் போடுவான். மாட்டுத் திருடனுக்கு வரக்கூடிய வியாதியா இது? வேறொருவனாக இருந்தால் தொழிலை விட்டிருப்பான், இவன் மூக்கைச் சுற்றி ஈரத்துணி கட்டிக்கொண்டு இருபது வருஷம் சவாரி போனான். ஒரு ஐப்பசி மாதத்துக் காலையில், எதிரில் நிற்கிறவன் மூஞ்சி தெரியாத பனியில், அவன் தெற்குப் பக்கம் போய் ஆர்ச்சி மில்பர்ன் தொழுவத்திலிருந்து ஒரு செவலைப் பசுவை அவிழ்த்தான். தொழுவத்தைத் தாண்டும்போது துணி நழுவிவிட்டது. முதல் தும்மலிலேயே ஆர்ச்சி எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

இந்த ஆர்ச்சி ஒரு சத்தியக்கிறுக்கன். எதற்கெடுத்தாலும் சத்தியம் பண்ணுவான். போன வாரம்தான் இனி ஜென்மத்துக்கும் கீரை தொடமாட்டேன் என்று அடுப்பங்கரையில் சத்தியம் பண்ணியிருந்தான். இப்போது வெறும் காலோடு முற்றத்தில் நின்று, “அந்தப் பசு உசிரோட இருக்கையிலேயே அதோட கயிறு என் கைக்கு வராம நான் இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன், இது சத்தியம்!” என்று கத்தினான். உள்ளே அவன் பெண்டாட்டி கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தவள் கிண்டிக்கொண்டே இருந்தாள். ஆர்ச்சி அடுப்பிலிருந்து ஒரு கட்டியை இடுக்கிகூட இல்லாமல் வலது கையாலேயே எடுத்து, ஊதி, ஈட்டியில் குத்தி, கொம்பை ஊதிக்கொண்டு குதிரை ஏறினான்.

வாட் ஓடினான் பாருங்கள், சும்மா சொல்லக் கூடாது, சதுப்பில் பசுவை இழுத்துக்கொண்டு, தும்மிக்கொண்டு, பின்னால் நாற்பது குதிரை வர, மத்தியானத்துக்குள் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டான். வீடென்றால் கல்கோபுரம்; கீழே மாடு, மேலே மனுஷர், சுவர் ஒரு ஆள் நீளத்துக்குக் கனம், வாசலில் இரும்புக் கிராதி. அவன் பெண்டாட்டி எஃபி கிராதியைத் திறந்து, புருஷனையும் பசுவையும் உள்ளே தள்ளி, மறுபடி பூட்டிவிட்டு, “முதல்ல மூக்கச் சிந்து” என்றாள். தீ வைத்துப் புகைபோட்டு அவனை வெளியே எடுத்திருக்கலாம்தான். ஆனால் உள்ளே பசு செத்துப்போனால் ஆர்ச்சியின் சத்தியம் என்ன ஆவது? ஆகவே எல்லாரும் வாசலில் உட்கார்ந்து கட்டி அணையட்டும் என்று காத்திருந்தார்கள்.

வாட் மாடத்து ஜன்னலில் தலையை நீட்டினான். “ஆர்ச்சி மச்சான், மண்ணு அணையப் போவுது, வீட்டப் பாக்கக் கிளம்பு. கீரை ஆறிரும்.”

“அணைஞ்சதும் போறேன்டா. ஒன் வாசல்ல குந்தியிருக்க எனக்கென்ன வேண்டுதலா?” என்றான் ஆர்ச்சி.

கட்டி அணையவில்லை. மறுநாளும் அணையவில்லை. மூன்றாம் நாள் பிடித்த மழை ஒன்பது நாள் விடாமல் பெய்து எல்லாருடைய தாடியையும் ஊறவைத்தது, கட்டி மட்டும் அதுபாட்டுக்குச் சிவந்துகொண்டிருந்தது. சலிப்புத் தாங்காமல் ஆர்ச்சியே ஈட்டியைக் கொண்டுபோய் ஓடையில் முக்கிப் பார்த்தான். ஓடை கொதித்தது, ஏழு மீன் வெந்து மிதந்தது, அவற்றைத் தின்றார்கள், ஈட்டியை வெளியே எடுத்தால் கட்டி முன்னைவிட நன்றாக எரிகிறது. உப்புப் போதவில்லை என்று மட்டும் இரண்டு பேர் குறைப்பட்டுக்கொண்டார்கள். நினியன் பாதிரியார் வந்து பார்த்துவிட்டு, “எந்தக் கையால எடுத்த?” என்று கேட்டார். வலது கை என்றான் ஆர்ச்சி. “தண்ணி படாத கை. அது மூட்டின நெருப்புக்குத் தண்ணின்னா என்னன்னு எப்படித் தெரியும்? ஒன்ன ஒழுங்கா முக்கி எடுத்திருந்தா இந்தத் தொல்லையே இல்ல” என்று ஆர்ச்சியின் செத்துப்போன அப்பனைத் திட்டிவிட்டு, கட்டியில் தன் கால்களைக் கொஞ்சம் சூடு காட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை. அடுத்தாற்போல என்ன செய்வது என்பதுதான் பெரிய தலைவேதனையாக இருந்தது.

ஏனென்றால் கட்டி எரிகிறது, ஆகவே துரத்தல் செல்லும், ஆகவே ஆர்ச்சி தினம் காலையில் கொம்பு ஊதியாக வேண்டும், ஊதினால் காதில் விழுந்த அத்தனை ஆம்பிளையும் வந்தாக வேண்டும், வராவிட்டால் தூக்கு. முதல் மாதம் தினம் வந்து தினம் திரும்பினார்கள். இரண்டாம் மாதம் எதற்கு நடை என்று கம்பளியைக் கொண்டுவந்தார்கள். பனி விழுந்ததும் குடிசை போட்டார்கள். வசந்தத்தில் பெண்டாட்டிமார் வந்து சேர்ந்தார்கள். அடுத்த வருஷம் கோழி, அதற்கடுத்த வருஷம் சாராயக் கடை. ஓடைக்கு இரண்டு பக்கத்திலும் இருந்த முந்நூறு திருடர்களும் ஒரு திருடனைத் துரத்துகிற வேலையில் மாட்டிக்கொண்டதால் மற்ற திருட்டெல்லாம் நின்றுபோனது. அட, திருட ஆளே இல்லையே! மாடுகள் பொழுது விடிந்தால் இன்னும் அதே தொழுவத்தில் இருக்கிறோமே என்று முழித்துக்கொண்டு நின்றன. சமாதானம் வந்துவிட்டது என்று வெளியே சொல்ல எல்லாருக்கும் வெட்கமாக இருந்தது.

கட்டியும் ஊர்ச்சொத்தாகிவிட்டது. ஈரமண் எரியாத நாளில் அதைத் தொட்டு அடுப்பு மூட்டினார்கள், குழந்தைக்கு நெஞ்சுச்சளி கட்டினால் அதன் எதிரே காட்டிச் சூடு பிடித்தார்கள், கல்யாணம் என்றால் மாப்பிள்ளையும் பெண்ணும் அதைச் சுற்றி வந்தார்கள், குடித்துவிட்டு எவனாவது அதில் சுருட்டு மாதிரி இலையைச் சுருட்டிப் பற்றவைத்தால் ஆர்ச்சி மட்டும் கோபப்படுவான். பசு பால் வற்றினபோது இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டு ஒரு மணி நேரம் கிராதியைத் திறந்து காளையை உள்ளே அனுப்பினார்கள், காளைக்கு எந்தச் சட்டமும் கிடையாது என்று. அந்தப் பசுவின் பாலையும், அதன் கன்றுகள் வளர்ந்து கறந்த பாலையும் எஃபி வெளியே கொண்டுவந்து ஊற்றுவாள். பெண்கள் வந்துபோகத் தடை இல்லை. தன் மாட்டு வம்சத்துப் பாலையே குடித்துக்கொண்டு, “இங்க வந்து தண்ணியாப் போச்சு” என்று ஆர்ச்சி பத்தொன்பது வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

பத்தொன்பது வருஷம்! எஃபியின் பாட்டை நினைத்துப் பாருங்கள். திருடன் பெண்டாட்டி என்றால் வருஷத்தில் பாதி நாள் புருஷன் வெளியே, மீதி நாள் தூக்கம், நிம்மதியான குடித்தனம். இவளுக்கோ அந்த ஆள் முழுநேரமும் வீட்டில். கஞ்சியில் கை வைத்துப் பார்ப்பான், கரண்டியை இடம் மாற்றி மாட்டுவான், கீழே மாடு அசைந்தால் மேலே தும்முவான், தும்மினால் சட்டி உருளும். “யோவ், ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்கியாவது போய்த் தொலையேன்யா!” என்று கத்துவாள். உடனே வாயைப் பொத்திக்கொள்வாள். ஏனென்றால் வாசலுக்கு நேர் எதிரே, முதல் வாரத்திலேயே, மரமில்லாத ஊராயிற்றே என்று மூன்று காத தூரத்திலிருந்து இரண்டு கழிகளைக் கொண்டுவந்து தூக்குமரம் நட்டிருந்தார்கள். வருஷம் ஆக ஆக அது தூக்குமரம் என்பதே எல்லாருக்கும் மறந்துபோய், குடிசைப் பெண்கள் அதில் துணி காயப்போட்டார்கள், பிள்ளைகள் கயிற்றில் ஊஞ்சல் ஆடின. எஃபி மட்டும் ஒரு கந்தலைக்கூட அதில் போட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தெற்கே ராணி கண்ணை மூடினாள், பிள்ளைகுட்டி இல்லை, வடக்கு ராஜாவே இரண்டு தேசத்துக்கும் ராஜா ஆனார். ஆனதும் முதல் காரியமாக எல்லையை அழித்தார். எல்லையே இல்லை என்றால் எல்லைத் திருடன் எதற்கு என்று, கண்ட இடத்தில் தூக்கில் போட ஆள் அனுப்பினார். முதலில் தொங்கவிட்டுவிட்டுச் சாயங்காலம் விசாரித்தார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் ஒரு ஆம்பிளை மிச்சமில்லை என்று சேதி வந்தது. கோபுரத்து வாசலில் சாராயக் கடை அன்றைக்கு மூடிக்கிடந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் பெல்லமி துரை வந்தார், கூட இருநூறு சிப்பாய், எட்டுப் பீப்பாய் வெடிமருந்து, ஒரு வண்டி நிறையக் கயிறு. நல்ல மனுஷர்தான், அதுதான் பயமே. சட்டப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிற ஜாதி. முந்நூறு பேர் ஈட்டியோடு ஒரு வீட்டைச் சுற்றி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “நீங்கள் எல்லாம் யார்?” என்று கேட்டார்.

“துரத்திக்கிட்டிருக்கோம் துரை” என்றான் ஆர்ச்சி, உட்கார்ந்தபடியே. இப்போது அவனுக்குத் தாடி நரைத்து, ஈட்டி பிடித்த பக்கம் தோள் இறங்கியிருந்தது.

துரை கட்டியைப் பார்த்தார், துரத்தல் இன்னும் செல்லும் என்று மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எல்லை அதிகாரிகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதங்களைப் பார்த்தார், புத்தகத்தைப் புரட்டினார். “சரியாகத்தான் இருக்கிறது. பழைய சட்டப்படி ஆரம்பித்த துரத்தல் பழைய சட்டப்படியே முடிய வேண்டும் என்று மகாராஜா உத்தரவு. ஆகவே இந்த நிமிஷம் நீங்கள் எல்லாரும் சட்டத்தின் ஆட்கள். உங்களை யாரும் தொட முடியாது. நாளைக்கு மத்தியானம் நான் வெடி வைத்து அந்தக் கதவைத் திறந்து தருகிறேன். திருடனைப் பிடியுங்கள், தூக்கில் போடுங்கள். துரத்தல் முடிந்துவிடும். முடிந்ததும் இதை வாசிப்பேன்” என்று சட்டைக்குள்ளிருந்து ஒரு நீளப் பட்டியலை எடுத்துக் காட்டினார்.

“அதுல யார் பேரு துரை?”

“மாட்டுத் திருடர்கள் பெயர். முதலில் ஆர்ச்சிபால்ட் மில்பர்ன். அடுத்தது யாரென்று சொல்லட்டுமா?” சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாதைகளில் எல்லாம் சிப்பாய்களை நிறுத்திவிட்டுத் துரை கூடாரத்துக்குப் போனார், மரியாதையாகத் தொப்பியை எடுத்துவிட்டுத்தான் போனார்.

முந்நூறு பேரும் ஜன்னலுக்குக் கீழே கூடினார்கள். வாட் தலையை நீட்டினான். அவனுக்கும் முடி கொட்டிவிட்டது, உட்கார்ந்தே தின்று கன்னம் உப்பியிருந்தது. ஆர்ச்சி விஷயத்தைச் சொன்னான். “நீ புடிபட்டா நாங்க காலி. நீ புடிபடாத வரைக்கும் நாங்க சட்டம். அதனால நாளைக்கு நீ தப்பிச்சு ஓடணும், வாட்டு.”

“ஓடறதா!” என்றான் வாட். “டேய், நான் படியிறங்கினாலே மூச்சு வாங்குது. குதிரை என்னப் பாத்தா சிரிக்கும்டா. பசுவ நீ எடுத்துக்க, என்ன நாளைக்குத் தொங்க விட்ரு. அந்தக் கூத்து நடக்கையில நீங்க ஆளுக்கொரு மலைக்கு ஓடிருங்க. பத்தொம்போது வருஷம் உக்காந்தாச்சு, போதும். எனக்கு அலுத்துப் போச்சு.”

ஆர்ச்சி ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நின்றான். “ஒன்னத் தூக்குல போடத்தான்டா பத்தொம்போது வருஷமா இந்தக் குளிர்ல குந்தியிருக்கேன்! அதுக்காக இப்ப வந்து ஒன்னத் தூக்குல போடுன்னா எப்படிடா போடுவேன்?” என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் எதிரில், ஈட்டியைப் பிடித்துக்கொண்டே அழுதான். வாட் ஜன்னலைச் சாத்திக்கொண்டான்.

விடிந்ததும் எஃபி, ஆர்ச்சியின் குதிரைமேல் நாலு கட்டு வைக்கோலை ஏற்றி, சிப்பாய்கள் பார்க்கப் பார்க்க கிராதிக்குள் ஓட்டிப் போனாள். மாட்டுக்குத் தீனி என்றாள், அவர்களும் தலையாட்டினார்கள். குதிரை திரும்பி வரவில்லையே என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. பிறகு மேலே போய் மேஜைமேல் மூடி போட்ட தட்டு ஒன்றை வாட்டின் முன்னால் வைத்தாள். அந்தச் சீமைப் பெண்டாட்டிமாருக்கு ஒரு வழக்கம்: வீட்டில் இறைச்சி தீர்ந்துபோனால் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள், சாப்பாட்டு நேரத்தில் மூடின தட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள், திறந்தால் உள்ளே சவாரிக்காரன் காலில் மாட்டிக் குதிரையை விரட்டுகிற குதிமுள் இரண்டு கிடக்கும்; போய் எதையாவது ஓட்டிக்கொண்டு வா என்று அர்த்தம். வாட் மூடியைத் திறந்தான். சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தாள். எப்போது தேய்த்தாளோ.

வாட் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். “என்ன கொண்டாரணும், எஃபி?”

“ஒண்ணும் கொண்டார வேணாம். நீ எங்கியாவது உசிரோட இரு, எனக்கு அது போதும்” என்றாள் எஃபி. “அந்தக் கயித்தப் பாத்துப் பாத்து எனக்குப் பாதி உசிரு போச்சுய்யா. மீதியாவது இருக்கட்டும்.” வாட் குனிந்தான், தொப்பை தடுத்தது, அவளே மண்டியிட்டு இரண்டு காலிலும் மாட்டிவிட்டாள்.

மத்தியானம் சிப்பாய்கள் முதல் பீப்பாயை உருட்டிக்கொண்டு வரும்போது கிராதி தானாகவே திறந்தது. வாட் குதிரைமேல் வந்தான், குதிரையின் பின்னால் கயிற்றில் அந்தக் கிழச் செவலைப் பசு வந்தது. திருட்டு மாடு கையில் இல்லாவிட்டால் சட்டப்படி அவன் திருடனே இல்லை, அப்புறம் துரத்தல் எங்கே இருக்கிறது? வெளிக்காற்று பட்டதும் பதினாறு தும்மல் போட்டான். குதிரை அதையே அதட்டலாக எடுத்துக்கொண்டு நடந்தது. ஆர்ச்சி கொம்பை ஊதினான். முந்நூறு பேரும் எழுந்தார்கள்.

“பிடியுங்கள்!” என்று துரை கத்த, அவருடைய குதிரைப்படை பாயப்போனது. ஆர்ச்சி ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். “துரை, எரியிற கட்டிக்கு முன்னால ஒருத்தரும் போவக் கூடாது. போனா துரத்தலத் தடுத்த குத்தம். தூக்கு. புஸ்தகத்தப் பாருங்க.” துரை குதிரைமேல் உட்கார்ந்தபடியே புத்தகத்தைப் புரட்டினார். இருந்தது. நேற்று இவரே படித்துவிட்டு நல்ல விதி என்று தலையாட்டின பக்கம். “கொம்புச் சத்தம் காதுல விழுந்துச்சா துரை?” “விழுந்தது” என்றார் துரை, பொய் சொல்லிப் பழக்கமில்லை. “அப்ப வந்து வரிசையில சேருங்க” என்றான் ஆர்ச்சி.

அப்படியாகத்தான் அந்தத் துரத்தல் புறப்பட்டது. முன்னால் வாட், நாற்பது அடி பின்னால் ஆர்ச்சியும் கட்டியும், அதற்குப் பின்னால் முந்நூறு திருடர், இருநூறு சிப்பாய், கயிற்று வண்டி, சாராயக் கடை, கோழிக்கூடைகள், துணிமூட்டைகள், எல்லாம் ஒரு கிழப் பசுவின் நடைக்கு. பசு நின்று புல் மேய்ந்தால் வாட் நிற்பான், வாட் நின்றால் ஆர்ச்சி பூட்ஸைக் கழற்றி மாட்டுவான், ஆர்ச்சி நின்றால் மகாராஜாவின் படை மொத்தமும் நின்று கஞ்சி காய்ச்சும். மேற்கே கடல்வரைக்கும் போனார்கள் என்கிறார்கள், கப்பலேறி அயர்லாந்துக்குப் போனார்கள் என்றும் சொல்கிறார்கள், பட்டியல் நனைந்து எழுத்தெல்லாம் கலைந்துபோய்த் துரை அங்கேயே ஒரு விதவையைக் கட்டிக்கொண்டார் என்றும் பேச்சு. எனக்கு அதெல்லாம் தெரியாது, கூடப் போனவன் சொன்னால்தான் உண்டு. எனக்குத் தெரிந்தது அந்த முதல் மத்தியானம்தான்.

கூட்டம் கடைசிக் குடிசையைத் தாண்டும்போது எஃபி கோபுரத்திலிருந்து இறங்கி வந்தாள். இடுப்பில் துணிமூட்டை, அதற்குள் சுடச்சுட ஓட்ஸ் ரொட்டி. முந்நூறு பேரையும் இருநூறு பேரையும் முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு நேரே முன்வரிசைக்குப் போனாள். பெண்கள் துரத்தலில் சேர வேண்டிய கட்டாயம் இல்லை என்று துரை தன்மையாக எடுத்துச் சொன்னார். “எனக்கும் காது இருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் ஆர்ச்சியின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

“அண்ணே, கொஞ்சம் எட்டி நடங்க.”

“எட்டி நடந்தா புடிச்சிருவோம்மா” என்றான் ஆர்ச்சி, பதறிப்போய்.

“புடிங்க. அந்த ஆளு காலையிலேர்ந்து ஒண்ணும் திங்கல.”

துரைக்கு வேண்டியது பட்டியலில் இருந்த முந்நூறு பேர், அந்த முந்நூறு பேருக்கு வேண்டியது இன்னும் கொஞ்சம் நாள். அத்தனை பெரிய கூட்டத்தில், வாட்டைப் பிடித்தே தீர வேண்டும் என்று நடந்தது அவள் ஒருத்திதான்.